மதினியின் புறங்கை

எங்கள் மதினி யாரைப் பார்த்தாலும் முதலில் வாய் திறக்க மாட்டார். முதலில் கை வரும். வலது கையின் பின்பக்கம், விரல் முட்டிகளுக்குக் கொஞ்சம் மேலே உள்ள அந்தத் தட்டையான இடம், நேராக வந்து நம் நெற்றியில் உட்காரும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அங்கேயே இருக்கும். அதற்குப் பிறகுதான் பேச்சு. "சூடு இல்ல. வாங்க, உக்காருங்க."

என் மனைவியின் அக்கா அவர். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில் பாதி பஸ் ஏறி வந்து, எங்கள் ஆயாவைப் பற்றி என்னய்யா எழுதி வைத்திருக்கிறாய் என்று வாசலில் நிற்கும். என் உடம்புக்கு இப்போது கூட்டம் ஆகாது. மதினி என்றே இருக்கட்டும்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தார். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, ஓடுகிற அம்மாக்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வரிசையாக நிற்பார்கள். மதினி கதவடியில் நின்று ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டு உள்ளே விடுவார். அவரிடம் மூன்றே தீர்ப்புகள்தான். "சூடு இல்ல" என்றால் பிள்ளை உள்ளே. "கொதிக்குது" என்றால் பிள்ளை வீட்டுக்கு; அம்மாவும் வீட்டுக்கு; அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் "கதகதன்னு இருக்கு" என்று ஒன்று இருந்தது. சட்டப்படி அந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப வேண்டும். மதினி அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். பிறகு தன் முந்தானையில் பிள்ளையைச் சுற்றி, மற்றப் பிள்ளைகளிடம் இருந்து தள்ளி, மூலையில் தன் மடியிலேயே வைத்துக்கொள்வார். அன்று முழுக்க ஒரு கையால்தான் வேலை.

எனக்குப் பதுளைக் கடைத்தெருவில் ஒலிபெருக்கியும் கதிரையும் வாடகைக்குக் கொடுக்கிற கடை. திருவிழா, கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நம் சாமான்தான். மைக்கைக் கையில் கொடுத்தால் நானே அறிவிப்பும் செய்வேன். வாங்கிக்கொள்ள மறந்தால் நிறுத்தவும் மாட்டேன். வாய் என்பது எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக அமைந்துவிட்டது.

அந்த வாயை அடைத்த ஒரே ஆள் மதினி. எங்கள் கல்யாணத்தில் நான் மாலையோடு மணவறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு நெய்யைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த இடைவெளியில் புறங்கை வந்து என் நெற்றியில் உட்கார்ந்தது. "மாப்பிள்ளைக்குக் கதகதன்னு இருக்கு" என்றார் மதினி. ஐயருக்காக வைத்த மைக் திறந்தபடி இருந்தது. என் கடை மைக். நல்ல மைக். மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் நான் தாலி கட்டி முடித்திருந்தேன். முடிச்சு ஒழுங்காக விழுந்ததா என்று என் மனைவிக்கு இன்றும் சந்தேகம்.

மனிதர்கள் மட்டும் என்று இல்லை. நமுனுகுல பஸ்ஸில் முன் கதவால் ஏறும்போது எஞ்சின் மூடியிலும் கையை வைப்பார். டிரைவர்மாருக்கு அது பழகிப்போய், எப்படி அக்கா, மலை ஏறுமா என்று கேட்பார்கள். ஒரு ஆடித் திருவிழாவில் என்னுடைய ஆம்பிளிஃபயரைத் தொட்டுப் பார்த்து, "இது கொதிக்குது தம்பி, செத்த நேரம் சும்மா விடுங்க" என்றார். நான் மைக்கிலேயே, டாக்டரம்மா வந்திருக்கிறார், நோயாளிகள் வரிசையில் வரவும் என்று அறிவித்தேன். சாமி புறப்படும்போது ஆம்பிளிஃபயர் புகைந்தது.

அவருக்கு ஒரு வேதவாக்கு இருந்தது. "காய்ச்சல் பொய் சொல்லாது தம்பி. மனுசன் சொல்லுவான். காய்ச்சல் சொல்லாது." சூடு இருந்தால் நோவு இருக்கிறது, சூடு இல்லாவிட்டால் நோவு இல்லை. இதில் இருந்து இன்னொரு சட்டம் பிறந்தது. நெற்றி குளிர்ந்துவிட்டால் மருந்தை நிறுத்திவிட வேண்டும். டாக்டர் எத்தனை நாளைக்குக் கொடுத்தார் என்பது டாக்டருடைய பிரச்சினை. நோவு போன பிறகும் மருந்து தின்றால், யாரை அடிப்பது என்று தெரியாமல் மருந்து நம்மையே அடிக்கும் என்பார். கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் படும். எனக்குப் பட்டது.

அப்படி மிஞ்சியவை வீண் போகவில்லை. மதினியின் அலமாரியில் ஒரு பழைய ஜேம் போத்தல் இருந்தது. லயத்தில் யார் வீட்டில் யாருக்கு நெற்றி குளிர்ந்தாலும், மிச்சக் குளிசைகள் அந்தப் போத்தலுக்கு வந்து சேரும். சிவப்பும் கறுப்புமானவை, மஞ்சளும் வெள்ளையுமானவை, ஒரு பக்கம் நீலம் போட்டவை. வேறு யாருக்காவது தொண்டை நொந்தால், பல் வீங்கினால், கால் கிழிந்தால் அதில் இருந்து நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பார். லயத்தில் கறிவேப்பிலை கேட்டால் கொடுப்பது மாதிரி. கொடுக்காமல் வைத்திருந்தால்தான் கெட்ட பெயர். என் கடைவாய்ப்பல்லுக்குக் கூட ஒருமுறை அந்தப் போத்தலில் இருந்துதான் வந்தது. வீக்கம் வற்றியதும் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நாணயமானவன் என்று பாராட்டினார்.

அவர் தனக்கென்று விடாமல் தின்றது ஒன்றே ஒன்றுதான். முட்டிகள் வீங்கி, காலையில் விரலை மடக்க முடியாமல் போன காலத்தில் யாரோ ஒரு டாக்டர் சின்ன வெள்ளைக் குளிசை கொடுத்திருக்கிறார். ஒரே வாரத்தில் கை மடங்கியது. டாக்டர் குறைத்துக்கொண்டு வந்து நிறுத்தச் சொன்னாராம். நிறுத்தினால் கை மறுபடி விறைக்கிறது. கை விறைத்தால் பிள்ளைகளை எப்படித் தூக்குவது? டாக்டர் மருந்து எழுதிய பழைய துண்டைக் காட்டிக் காட்டி மருந்துக் கடைகளில் வாங்கி, வருடக்கணக்காகத் தின்றுகொண்டிருந்தார். முகம் வட்டமாக, பூரித்து, பளபளவென்று ஆகிவிட்டது. மதினிக்கு வளம் வந்துவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பௌர்ணமியைப் பிடித்துக் கழுத்தில் வைத்தது மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். அவரும் சிரித்தார். அந்தக் குளிசை என்ன செய்யும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

பிறகு எனக்குக் கழுத்தில் கட்டி வந்தது. மைக் பிடித்துப் பிடித்துத் தொண்டைக்குள் ஸ்பீக்கர் முளைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். சின்ன வயதுச் சிங்கள டாக்டரம்மா சிரிக்கவில்லை. தடவிப் பார்த்துவிட்டு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் சிரிக்கவில்லை. அன்றில் இருந்து சிரிக்காத டாக்டரைக் கண்டால் நான் வாசல் பக்கம் பார்ப்பேன்.

நிணநீர்ப் புற்று என்றார்கள். மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அந்த டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சிங்களத்தில் விளக்கினார். ஏற்றுகிற மருந்து கட்டியை மட்டும் கொல்லாது. எலும்புக்குள் பிறக்கிற வெள்ளை அணுக்களையும் சேர்த்துக் கொல்லும். ஒவ்வொரு ஏற்றலுக்குப் பிறகும் கொஞ்ச நாளைக்கு உடம்பில் காவலுக்கு ஆள் இருக்காது. அந்த நேரத்தில் வெளியில் இருந்து வருகிற கிருமி மட்டும் இல்லை, இத்தனை காலமும் என் வாயிலும் குடலிலும் தோலிலும் ஒழுங்காகக் குடியிருந்த கிருமிகளே எழும்பி நிற்கும். காய்ச்சல் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே, உடனே வா என்றார். இன்னொன்றும் சொன்னார். காய்ச்சல் என்பது கிருமி மூட்டுகிற நெருப்பு அல்ல, உடம்பு மூட்டுவது. மூட்டுவதற்குத் தெம்பு இல்லாவிட்டால் காய்ச்சலும் வராமல் போகலாம், சீழும் பிடிக்காமல் போகலாம். நடுக்கம், மயக்கம், பேச்சுத் தடுமாற்றம் இருந்தாலும் வா.

முதல் பாதியைக் கேட்டதோடு என் புத்தி போய்விட்டது. வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே தெர்மாமீட்டர் வாங்கினேன். அது பொய் சொன்னால் என்ன செய்வது என்று இன்னொன்றும் வாங்கினேன். இரண்டும் வேறு வேறு எண் காட்டியதால், எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க மூன்றாவதையும் வாங்கினேன். வாழைப்பழத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மனைவி தும்மினால் நான் அடுத்த அறையில் இருந்தேன். கடைக்குப் போவதை நிறுத்தினேன். ஊவா மாகாணத்தில் பேசியவர்கள் அத்தனை பேருடைய எச்சிலும் என் மைக்குகளில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்னறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஜன்னல் கண்ணாடி வழியாக முற்றத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பயம் என்று சொல்ல முடியாது. பயம் முதல் கிழமையின் ஏழு நாளோடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மரக்கட்டை மாதிரி இருந்தது. கட்டை கழுவிக்கொண்டிருந்தது, கட்டை அளந்துகொண்டிருந்தது.

ஆள் சுகமில்லை என்றால் போய்ப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் கடமை. ஆனால் என்னைப் பார்க்க யாரும் வரக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை நமுனுகுல பஸ்ஸில் மதினி வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறைய வல்லாரை. பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஓடைக்கரையில் அது அடர்த்தியாகக் கிடக்கும். பச்சைக்கீரை எனக்கு ஆகாது என்று மனைவி சொல்ல, அவிச்சுக் குடு, அதுக்கென்ன என்றார். அந்த வல்லாரையை என் மனைவி அவித்த அவியலில் அது என்ன செடி என்று அதற்கே மறந்திருக்கும்.

முற்றத்தில் கடைக் கதிரை ஒன்றைப் போட்டுக் கொடுத்தோம். நான் உள்ளே, அவர் வெளியே. கை சும்மா இருக்கவில்லை. எழுந்து வந்து, நான் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருந்த இடத்தில் வெளிப்பக்கமாகப் புறங்கையை வைத்தார். நான் அசையவில்லை. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி சில்லுன்னு இருக்கு. ஒண்ணும் தெரியல தம்பி" என்றார். உள்ளேயும் நிலைமை அதுதான் மதினி என்றேன்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே பஸ், அதே கதிரை, அதே வல்லாரை. ஜன்னலில் என் நெற்றி இருக்கிற இடத்தில் வெளிப்பக்கம் ஒரு மங்கல் தழும்பு விழுந்துவிட்டது. மனைவி கண்ணாடி துடைக்கும்போது அந்த இடத்தை விட்டுவிட்டுத் துடைப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் எனக்கே காய்ச்சல் வந்தது. மூன்று தெர்மாமீட்டர்களும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒத்துப்போயின. சட்டையை உட்புறம் வெளியே வரப் போட்டுக்கொண்டு, செருப்பை மறந்து, மூன்றையும் கையில் பிடித்தபடி த்ரீவீலில் ஏறினேன். டிரைவர் பாட்டுப் போட்டிருந்தார். சாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், பேஸ் கூடிப்போச்சு, குறைங்க என்று சொன்னேனாம். மனைவி சொல்லித்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். எந்தக் கிருமி என்று முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. கையில் ஊசி குத்தி மருந்தை ஓடவிட்டார்கள். சாதாரண ஆளுக்கு இவ்வளவு தேவையில்லை, உனக்குத் தேவை என்றார் டாக்டரம்மா. ஏன் என்று கேட்டதற்கு, கிருமியை மருந்து மட்டும் தீர்த்துவிடுவதில்லை, மருந்து அடிக்கும், மடக்கும், மிச்சத்தைக் கூட்டிப் பெருக்குவது உடம்பில் உள்ள ஆட்கள் என்று சொன்னார். எனக்கு அது என் தொழிலில் விளங்கியது. ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் போட்டாலும் தேர் தானாக நகராது. வடம் பிடிக்க ஆள் வேண்டும். ஆள் வந்து சேரும்வரை ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்திருக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் தேர் நடுத்தெருவில்.

எனக்கு ஆள் வந்தது. அடுத்தடுத்த சோதனைகளில் வெள்ளை அணுக்கள் ஏறின. காய்ச்சல் விட்டது. விட்ட பிறகும் மருந்தை நிறுத்தவில்லை. நெற்றி குளிர்ந்துவிட்டதே என்று என் வாய் வரைக்கும் வந்தது. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வந்த ஞாயிறு, மதினி படி ஏறும்போது காலைச் சாய்த்து வைத்து ஏறினார். வல்லாரை பறிக்க ஓடைக்குப் போனபோது அட்டை கடித்ததாம். தோட்டத்தில் அட்டைக்கடியை யாரும் காயம் என்று கணக்கில் எடுப்பதில்லை. உப்பைப் போட்டு விழுத்திவிட்டு, அரிப்புக்குச் சொறிந்திருக்கிறார். கால் வீங்கியது. நோவும் இருந்தது. போத்தலில் இருந்து சிவப்பும் கறுப்புமாகக் கொஞ்சம் எடுத்துப் போட்டிருக்கிறார். நோவு குறைந்தது, நிறுத்திவிட்டார். மறுபடி வீங்கியது. மறுபடி கொஞ்சம். ஆறு மாதிரி ஓடித் திரிகிற பிள்ளைகளைப் பார்க்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு நோவா என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே பழைய சேலைத் துணியால் சுற்றியிருந்தது. செவப்பும் பெரிசா இல்ல, சீழும் இல்ல, வெறும் வீக்கந்தான் என்றார். தன் நெற்றியில் தானே புறங்கையை வைத்து, "சூடும் இல்ல" என்றார்.

மனைவி பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். மதினியின் கையில் கிளாஸ் சாசரில் தடதடவென்று ஆடியது. மதினி அதைக் குடிக்கவில்லை. நிமிர்ந்து ஜன்னலில் என்னைப் பார்த்தார். பார்வை என் மேல் நின்றது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா பெரட்டுக்குப் போயிருச்சா?" என்றார். "அழுவாத. இப்ப வந்துரும்."

மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். எனக்குச் சமமாகப் பேச மதினியும் பழகிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். என் சிரிப்பு பாதியில் நின்றது. மதினி பகிடி விட்டு நான் கண்டதே இல்லை. அவர் சொல்வதெல்லாம் உண்மை. அதனால்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

தெர்மாமீட்டர் ஒன்றை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து நீட்டினேன். மனைவி வாங்கி அக்காவின் கக்கத்தில் வைத்தாள். அது கூவியதும் எடுத்துப் பார்த்தாள்.

"அதான் சூடு இல்லியே, நீங்க சும்மா பயங்காட்டாதீங்க" என்றாள். அந்த வீட்டில் என் பயத்துக்கு என்ன மரியாதை இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. தப்பு அவளிடம் இல்லை. வாழைப்பழத்துக்குச் சவர்க்காரம் போட்டவன் ஒரு உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

எனக்கு டாக்டரம்மா சொன்ன இரண்டாவது பாதி அப்போதுதான் காதில் விழுந்தது. நடுக்கம். பேச்சுத் தடுமாற்றம். தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியே வந்தேன். முகக்கவசம் போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மதினியின் முன்னால் குனிந்து என் புறங்கையை அவர் நெற்றியில் வைத்தேன். இத்தனை வருடத்தில் அந்த நெற்றியில் வேறு யாருடைய கையும் விழுந்து நான் பார்த்ததில்லை. சில்லென்று, ஈரமாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் மதினி" என்றேன்.

அவருக்குக் கொஞ்சம் தெளிந்தது. "எதுக்கு? சூடுதான் இல்லியே. காய்ச்சல் பொய் சொல்லாது தம்பி."

"அது பொய் சொல்லல மதினி. அதுக்கு வாயைத் தொறக்கத் தெம்பு இல்ல."

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அக்காவின் செருப்பை எடுத்து வந்து காலில் மாட்டினாள். நான் வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடி த்ரீவீலை மறித்தேன். அவள் அக்காவைத் தாங்கிக்கொண்டு ஏறினாள். ஆஸ்பத்திரி வாட்டுக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. போய்க்கொண்டிருந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முற்றத்தில் கதிரையும், குடிக்காத தேத்தண்ணியும், வல்லாரைப் பையும் இருந்தன. கையைக் கழுவ வேண்டும் என்று தோன்றியது. உள்ளே போய்க் கழுவினேன். பழக்கம்.

மிச்சமெல்லாம் போனில் கேட்டதுதான். அங்கே இருந்த டாக்டர் காலைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்த்தாராம். அந்த வட்ட முகத்தை. சின்ன வெள்ளைக் குளிசை தின்கிறீர்களா, எவ்வளவு காலமாக என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் வளம் என்று பெயர் வைத்திருந்ததற்கு அவரிடம் வேறு பெயர் இருந்தது. முட்டிகளில் வீக்கத்தை அடக்குகிற அதே குளிசைதான் உடம்பின் காவலையும் அடக்கியிருக்கிறது. செவப்பையும் சீழையும் சூட்டையும் அதுதான் மறைத்திருக்கிறது. கிருமி காலில் இருந்து இரத்தத்துக்குள் போய்விட்டது. எனக்கு ஏற்றியது மாதிரியே மருந்து ஏற்றினார்கள். கேட்கவில்லை. போத்தல் குளிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ருசி பார்த்துப் பழகிய கிருமி அது என்று சோதனையில் தெரிந்து, வேறு மருந்துக்கு மாற்றினார்கள். அது கேட்டது. ஒரு நாள் கண் திறந்து பேசினார் என்று மனைவி சொன்னாள். தம்பிக்கு எப்படி இருக்கு, தொட்டுப் பாத்தியா என்று கேட்டாராம்.

ஸ்பீக்கர் சத்தமாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. வடம் பிடிக்க ஆள் வரவில்லை. எனக்கு வந்தது, அவருக்கு வரவில்லை. இரண்டு உடம்பிலும் காவல் இல்லாமல்தான் இருந்தது. என்னுடையது கொஞ்ச நாள் லீவில் போனது. அவருடையது வருடக்கணக்காகத் தூங்க வைக்கப்பட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டாராம்.

மதினியின் உடலைத் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். என் கடையில் இருந்து கதிரையும் ஸ்பீக்கரும் போயின. நான் போகவில்லை, மறுபடி மருந்து ஏற்றிய கிழமை அது, காவலுக்கு ஆள் இல்லாத கிழமை. முன்னறையில் உட்கார்ந்து, அங்கே எந்த ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மழை வரும்போல இருக்கிறதே, ஆம்பிளிஃபயரை மூடினார்களா என்றுதான் வந்தது.

மனைவி திரும்பி வந்து குளித்துவிட்டு என் அறை வாசலில் உட்கார்ந்தாள். பெட்டி மூடுவதற்கு முன் பிள்ளைக் காம்பரா அம்மாக்கள் எல்லோரும் வரிசையில் வந்ததாகச் சொன்னாள். தினமும் விடியலில் நிற்கிற அதே மாதிரி. யாரும் சொல்லி வைக்கவில்லை. முதலில் வந்த பெண் குனிந்து புறங்கையை அக்காவின் நெற்றியில் வைத்தாளாம். பின்னால் வந்த எல்லோரும் அப்படியே வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலங்க" என்றாள்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. என் வாய்க்கு அது புதிது.

வியாதி தொடங்கியதில் இருந்து கை கழுவாமல், மருந்துத் தண்ணீர் தடவாமல் என் பக்கத்தில் வராதவள், எழுந்து வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். குளித்த கை, ஈரம் காயவில்லை. மேசையில் மூன்று தெர்மாமீட்டர்களும் வரிசையாக இருந்தன. நான் எதையும் எடுக்கவில்லை.

"சூடு இல்ல" என்றாள்.

சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை.